சேற்றிலிருந்து ஜீப்பைக் காப்பது எப்படி? வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய வழிகள்

டெக்னோபார்க்கில் வேலை, கையில் மஹிந்திரா தாரோ ஜிம்னியோ, வார இறுதியில் விதுரா, பொன்முடி பக்கம் ஒரு ரவுண்ட். நீங்கள் இந்த ரகம் என்றால் திருவனந்தபுரத்தின் மழைக்கணக்கைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு என இரண்டும் இங்கே வெளுத்து வாங்கும். வண்டி முழுசாகக் காயக் கிடைக்கும் மாதங்கள் குறைவு.

இந்தச் செம்மண்ணில் என்ன பிரச்சினை?

கேரளத்தின் பெரும்பகுதியில் இருப்பது லேட்டரைட் மண். 1807இல் பிரான்சிஸ் புக்கானன் இதற்குப் பெயர் வைத்ததே மலப்புறத்தின் அங்காடிப்புறத்தில் பார்த்துத்தான். இதில் களிமண் இருப்பதால் அப்பிக்கொண்டால் ஈரத்தை எளிதில் விடாது. கதவில் தெரியும் சேற்றைவிட, சேஸிஸ் மடிப்புகளிலும் வீல் ஆர்ச்சுக்குள்ளும் தங்கும் சேறுதான் ஆபத்து. வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே துரு ஆரம்பித்துவிடும். கடற்கரைப் பக்கம் நிறுத்துபவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

கிளம்பும் முன்

வண்டியைக் கழுவிக் காயவிட்டு, சாதாரண கார் வாக்ஸ் ஒரு கோட் போடுங்கள். சேறு ஒட்டுவதைத் தடுக்காது, ஆனால் கழுவும்போது சுலபமாக வழுக்கிக்கொண்டு போகும். பேட்டரி முனைகளில் கொஞ்சம் வாஸலின் தடவலாம். சீட்டுக்குப் பழைய தார்ப்பாய் போதும்.

பழைய லாரி ட்யூப்பை வெட்டி மட்ஃபிளாப் செய்வது நல்ல யோசனை. பஞ்சர் கடையில் கேட்டாலே கிடைக்கும். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பிப் பார்த்து, டயரில் உரசாத அளவுக்கு வெட்டுங்கள். ஏற்கெனவே இருக்கும் துளைகளிலேயே மாட்டுங்கள். புதிதாக ட்ரில் போட்டால் அங்கிருந்தே துரு பிடிக்கும்.

அடியில் பழைய இன்ஜின் ஆயில் அடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ரப்பர் புஷ்களை அது ஊறவைத்துக் கெடுக்கும், பிரேக்கில் பட்டால் வண்டி நிற்காது, மழையில் வழிந்து ஓடைக்கும் போகும்.

பலர் மறக்கும் ஒரு சின்னக் குழாய்

ஓடும்போது ஆக்ஸில் சூடாகும். அதே சூட்டோடு குளிர்ந்த ஓடையில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியே இருப்பதை உறிஞ்சும். ஆக்ஸில் மேலுள்ள பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால், உறிஞ்சப்படுவது சேற்றுத்தண்ணீர். இதற்கு மருந்து எளிது: பிரீதரில் ஒரு ரப்பர் ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையை இன்ஜின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். சில வண்டிகளில் கம்பெனியே இதைச் செய்து தந்திருக்கும், முதலில் குனிந்து பாருங்கள். பயணம் முடிந்தபின் ஆக்ஸில் ஆயில் டீ போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம், உடனே மாற்றிவிடுங்கள்.

திரும்பி வந்ததும்

அன்றைக்கே கழுவுங்கள். காய்ந்த சேற்றைத் துணியால் தேய்த்தால் பெயின்ட் முழுக்கக் கீறல்தான். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். தோட்டத்து ஸ்பிரிங்ளரை வண்டிக்கு அடியில் கால் மணி நேரம் ஓடவிடுவது பிரஷர் வாஷருக்கு நல்ல மாற்று. ரேடியேட்டரில் அழுத்தமாக அடித்தால் அதன் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். சேறு அடைத்த ரேடியேட்டரோடு ஊர் திரும்பினால் இன்ஜின் சூடாகும் என்பதால், அதை மட்டும் வழியிலேயே ஒரு குடம் தண்ணீரால் கழுவுங்கள். கதவின் கீழ் விளிம்பில் உள்ள வடிகால் துளைகளைப் பல்குச்சியால் குத்திவிடுங்கள். கடைசியில் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து ஓட்டிக் காயவையுங்கள்.

எம்.வி.டி. பிடிக்குமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, பதிவில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. எனவே அகலமான டயர், வெட்டி மாற்றிய பம்பர் எல்லாம் சிக்கல். கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும் வேலைகளோடு நிறுத்திக்கொள்வது என் யோசனை. மெயின் ரோட்டில் ஏறும் முன் நம்பர் பிளேட்டையும் விளக்குகளையும் துடைத்துவிடுங்கள்.