நாய்களின் வம்சாவளி ஏடு

நாய் வாங்கப் புறப்படுகிறவர் இக்காலத்தில் குட்டியின் முகத்தை நன்றாகப் பார்ப்பதற்கு முன்பே, "பேப்பர் உண்டா?" என்று கேட்டுவிடுகிறார். விற்கிறவரும் பேப்பரோடு ஒரு விலை, பேப்பர் இல்லாமல் ஒரு விலை என்று இரண்டு கணக்கு வைத்திருக்கிறார். அந்தத் தாளில், பிராணியின் தேக ஆரோக்கியம், குணம், அழகு ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து யாரோ ஜாமீன் கொடுத்திருப்பதாக இருவருமே ஒருவாறு நம்புகிறார்கள். அத்தகைய ஜாமீனைத் தருவது பதிவுச் சங்கங்களின் வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை. இவ்வழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றிய வரலாற்றைச் சற்று நிதானமாக நோக்கினால், குலப்பெருமையைக் காக்க வேண்டும் என்ற கவலையைவிட, ஒரே பெயரைத் தாங்கிய பல நாய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய வேண்டிய அவசியமே பதிவு முறைக்கு வித்திட்டது என்பது விளங்கும்.

பிராணிகளின் பரம்பரையை ஏட்டில் எழுதிவைப்பதில் நாய் முந்திக்கொள்ளவில்லை. பந்தயக் குதிரைகளுக்கு வெதர்பி என்பார் 1791-ஆம் ஆண்டிலேயே ஒரு பொது வம்சப் பதிவேட்டை வெளியிடத் தொடங்கிவிட்டார். ஷார்ட்ஹார்ன் மாடுகளுக்குக் கோட்ஸ் என்பவரின் பதிவேடு 1822-இல் வந்தது. நரி வேட்டைக்கென்று நாய்க்கூட்டம் வளர்த்த பிரபுக்கள், எந்தப் பெட்டை எந்த ஆணோடு சேர்ந்து எந்தக் குட்டிகளை ஈன்றது என்பதைத் தங்கள் சொந்தப் புத்தகங்களில் குறித்து வந்தார்கள். பிராக்கில்ஸ்பி நாய்க்கூட்டத்தின் குறிப்புகள் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே கிடைக்கின்றன. ஆட்டிடையனும் எலி பிடிக்கிறவனும் வளர்த்த நாய்களின் குலமோ அவர்களுடைய ஞாபகத்தில் மட்டுமே வாழ்ந்தது.

இந்நிலையை மாற்றியது கண்காட்சி. 1859-ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் நியூகாஸில் நகரத்தில், பாயிண்டர், செட்டர் என்னும் இருவகை வேட்டை நாய்களுக்கு மட்டும் நடந்த போட்டியையே முறையாக அமைந்த முதல் நாய்க் கண்காட்சி என்று சொல்லுவார்கள். வந்த நாய்கள் 60, பரிசு துப்பாக்கி. பாயிண்டருக்குரிய பரிசைச் செட்டர்களுக்கு நடுவராக இருந்த ஒருவரும், செட்டருக்குரிய பரிசைப் பாயிண்டர்களுக்கு நடுவராக இருந்த ஒருவரும் பெற்றுச் சென்றார்கள் என்ற செய்தியைப் படிக்கும்போது, நாய்ப் போட்டிகளின் ராஜதந்திரம் பிறந்த அன்றே பக்குவம் அடைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. ரயிலின் உபயத்தால் ஊருக்கு ஊர் கண்காட்சிகள் பெருகின. கூடவே மோசடியும் வாக்குவாதமும் பெருகின.

இவற்றையெல்லாம் ஒரு கட்டுக்குள் கொண்டுவரும் நோக்கத்தோடு, பார்லிமெண்டு அங்கத்தினராக இருந்த ஸுவாலிஸ் ஈவ்லின் ஷர்லி என்பார் வேறு பன்னிரண்டு கனவான்களைச் சேர்த்துக்கொண்டு, 1873 ஏப்ரல் 4-ஆம் தேதி லண்டனில் கென்னல் கிளப்பை நிறுவினார். மறு ஆண்டில் வெளியான அதன் முதல் பதிவேட்டில், 1859 முதல் நடந்த போட்டிகளின் விவரங்களோடு 4,027 நாய்கள் நாற்பது வகைகளாகப் பிரிக்கப்பட்டு இடம்பெற்றன. அதைத் தொகுத்த பிராங்க் பியர்ஸ் பட்டிருக்கக்கூடிய பாட்டை ஊகிப்பது கடினமன்று. அக்காலத்து ஆங்கிலேயர் நாய்க்குப் பெயரிடுவதில் கற்பனையைச் சிக்கனமாகவே செலவிட்டார்கள். ஸ்பாட், பாப், ஜெட், விக், நெட்டில் என்ற நாலைந்து பெயர்களே எங்கு பார்த்தாலும் வழங்கின. லண்டனில் பரிசு பெற்ற பாப் வேறு, பர்மிங்ஹாமில் தோற்ற பாப் வேறு என்பதை அவற்றின் சொந்தக்காரர்களைத் தவிர யார் அறிவார்? பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மூன்று முருகன்கள் இருந்தால் வாத்தியார் இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிடுவதைப் போன்ற ஓர் உபாயம் இங்கும் தேவைப்பட்டது. ஆகவே 1880-இல், கண்காட்சிக்கு வரும் நாய் ஒவ்வொன்றும் முன்னதாகப் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், ஒன்றுக்கு அளித்த பெயர் மற்றொன்றுக்குக் கிடையாது என்ற ஏற்பாடு வந்தது. நாய் வளர்ப்பவர்கள் தொடக்கத்தில் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள்; நாளடைவில் அதன் சௌகரியத்தைக் கண்டு அடங்கினார்கள். அந்நாளில் தாய் தந்தையர் பெயரைக் கேட்டது, இன்ன நாய் என்று நிச்சயப்படுத்திக்கொள்வதற்கு ஒரு துணையாக மட்டுமே.

வளர்ப்பவர் எழுதிக் கொடுப்பதையே பதிவேடு நம்பியாக வேண்டும் என்ற பலவீனமும் வெகு சீக்கிரத்திலேயே வெளிப்பட்டது. செட்டர் நாய்களைப் பற்றி நூல் எழுதிப் புகழ்பெற்ற எட்வர்டு லாவராக் என்பார், 1825-இல் கார்லைல் நகருக்கருகே ஹாரிசன் என்ற பாதிரியாரிடமிருந்து பான்டோ என்ற ஆணையும் ஓல்டு மோல் என்ற பெட்டையையும் வாங்கி, அரை நூற்றாண்டுக் காலம் வேற்று இரத்தம் ஒரு துளியும் கலவாமல் அந்த ஜோடியின் சந்ததியையே ஒன்றோடொன்று இணை சேர்த்து வந்ததாகச் சொல்லிக்கொண்டார். அவர் அச்சிட்ட வம்சாவளிகளைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். அந்த நாய்களுக்கு அட்லாண்டிக்கின் அக்கரையிலும் கிராக்கி ஏற்பட்டது. எல்லா நாய்களும் இரண்டே நாய்களில் போய் முடியும் அந்த வம்சத்தில், காப்பி நிறக் குட்டி ஒன்று எப்படி வந்தது என்று வினவிய ஒருவருக்கு, எட்மண்ட் காஸில் என்ற இடத்து நாய்களின் இரத்தம் பல ஆண்டுகளுக்கு முன் சேர்ந்ததன் விளைவு அது என்று அவரே கடிதம் எழுதியிருந்தார். அவர் 1877-இல் காலமான பிறகு வம்சாவளிகளின் உண்மையைப் பற்றிய விவாதம் வலுத்தது. லாவராக்கின் நாய்கள் நல்ல நாய்கள் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. அவருடைய காகிதத்தைப் பற்றித்தான் சந்தேகம்.

இக்காலத்துப் பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நாயின் பதிவுப் பெயர், அதனோடு ஒட்டிய வளர்ப்பவரின் கென்னல் பெயர், பதிவு எண், நிறம், பிறந்த தேதி, தோலுக்கடியில் செலுத்திய மைக்ரோசிப்பின் எண் ஆகியவை முதலில் நிற்கும். அப்பால் மேற்பாதியில் தகப்பன் வழியும், கீழ்ப்பாதியில் தாய்வழியும் கிளை கிளையாகப் பிரிந்து செல்லும். மூன்று தலைமுறை எழுதினால் 14 பெயர், ஐந்து எழுதினால் 62. சாம்பியன் பட்டம் பெற்ற மூதாதையரைச் சிவப்பு எழுத்தில் காட்டுவது பழைய சம்பிரதாயமாகையால், புதிதாக வாங்குகிறவரின் கண் அந்தச் சிவப்பிலேயே தங்கிவிடுகிறது. அனுபவஸ்தரோ, தகப்பன் பக்கத்துப் பெயர் தாய்ப் பக்கத்திலும் தலைகாட்டுகிறதா என்றே தேடுவார். அறுபத்திரண்டு இடங்களில் ஒரே தாத்தா நாலைந்து தடவை வந்து உட்கார்ந்திருந்தால், அது நெருங்கிய உறவுக்குள் இணை சேர்த்ததற்குச் சாட்சி. இடுப்பெலும்பு திடமாக உள்ளதா, இதயம் பழுதற்றதா, குழந்தைகளைக் கடிக்குமா என்பவற்றையெல்லாம் அந்தப் பெயர் வரிசை சொல்வதில்லை. பெற்றோர் இன்னாரே என்பதுகூட வளர்ப்பவரின் கையெழுத்தை நம்பித்தான்; அடிக்கடி பொலிக்கு விடப்படும் ஆண் நாய்களுக்கு மரபணுச் சோதனை கட்டாயம் என்று அமெரிக்கன் கென்னல் கிளப் விதித்ததே 2000-ஆம் ஆண்டில்தான்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா வழங்கும் பத்திரமும் இந்த மரபைச் சேர்ந்ததே. ராஜபாளையம் நாய் பல தலைமுறைகளாக வளர்ப்பவர்களின் வாய்மொழியிலும் கண்மதிப்பிலும் காப்பாற்றப்பட்டுப் பிற்பாடு ஏட்டில் ஏறியது. ஏடு வருவதற்கு முன்னரும் அது ராஜபாளையம் நாயாகத்தான் இருந்தது என்பதைச் சொல்லி வைப்பது நல்லது.

பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கத் தோன்றிய ஏடு, தாயும் தகப்பனும் பதிவு பெற்றிருந்தாலன்றிக் குட்டிக்கு இடமில்லை என்று காலக்கிரமத்தில் கதவைச் சாத்திக்கொண்டது. நூறாண்டு கழித்து அதன் பலன் தெரிந்தது. 2008-இல் பி.பி.சி. ஒளிபரப்பிய விவரணப் படம் ஒன்று பெருங் கண்டனத்தைக் கிளப்பவே, தகப்பன்-மகள், தாய்-மகன், உடன்பிறந்தோர் ஆகிய சேர்க்கைகளில் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதில்லை என்று லண்டன் கிளப் 2009-இல் விதி செய்தது. அதுவரை அதற்குத் தடையில்லை என்பதுதான் ஆச்சரியம்.

சாத்திய கதவின் கதையை டால்மேஷியன் என்னும் புள்ளி நாயைக் கொண்டு அறியலாம். யூரிக் அமிலத்தை உடல் சரிவரக் கையாள முடியாதபடி செய்யும் ஒரு மரபணுக் குறை அவ்வினம் முழுவதிலும் பரவியிருந்தது. அதனால் பல ஆண் நாய்கள் சிறுநீர்க் கல்லடைப்பால் அவதியுற்றன. இனத்துக்குள்ளேயே நல்ல மரபணு இல்லாதபோது வெளியிலிருந்து வாங்குவதே வழி என்று கண்ட மரபியல் அறிஞர் ராபர்ட் ஷைபிள், 1973-இல் ஒரே ஒரு தடவை பாயிண்டர் ஒன்றோடு இணை சேர்த்து, பிறந்த சந்ததியை மறுபடியும் மறுபடியும் டால்மேஷியன்களோடேயே கலந்து வந்தார். 1981-இல் ஐந்தாம் தலைமுறை நாய்கள் இரண்டை அமெரிக்கச் சங்கம் பதிவு செய்தது. இனச் சங்கத்தாரின் ஆட்சேபம் கிளம்பவே, மேற்கொண்டு பதிவு நின்றது. கல்லடைப்பில்லாத நாய்கள் வெளியே காத்திருக்க, குறையுள்ள நாய்களுக்குச் சுத்தமான பத்திரம் வழங்கப்பட்டு வந்தது. 2010-இல் லண்டன் கிளப் அவ்வம்சத்து நாய் ஒன்றைப் பதிவு செய்துகொண்டது. மறு ஆண்டில் அமெரிக்கச் சங்கமும் இசைந்தது. அதற்குள் எத்தனையோ தலைமுறைகள் கழிந்துவிட்டபடியால், அந்த நாய்களின் பத்திரத்தில் பழைய பாயிண்டரின் பெயருக்கு இடமே இருக்கவில்லை.