மின்கிற்றாரும் சொந்த மொழியும்: கிளாரன்ஸ் விஜேவர்த்தனவும் ஈழத்துப் பொப்பிசையும்

இலங்கையின் றொக் கிற்றார் வரலாற்றைக் கொழும்பு ஹோட்டல்களில் ஆங்கிலப் பாடல்களை வாசித்த குழுக்களிலிருந்து தொடங்குவது வழக்கம். அக்குழுக்கள் வாசித்தது கடன் வாங்கிய இசை. மின்கிற்றாரைச் சொந்த மொழிப் பாட்டுக்குள் குடியேற்றியவர் கிளாரன்ஸ் விஜேவர்த்தன (1943–1996); வரலாறு அவரிடமிருந்தே தொடங்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

அவர் வந்தபோது களம் சாதகமாக இல்லை. 1950களில் இலங்கை வானொலி லக்னோவிலிருந்து இசையறிஞர் எஸ்.என். ரத்தன்ஜன்கரை வரவழைத்துக் கலைஞர்களைத் தரம் பிரித்தது. வட இந்திய இராக மரபே அளவுகோலாயிற்று. சித்தாருக்கும் தபேலாவுக்கும் மதிப்பு, கிற்றாருக்கு இரண்டாம் பந்தி. போர்த்துக்கேயர் காலத்துக் கப்பிரிஞ்ஞாவின் 6/8 நடையில் சிங்களச் சொற்களை ஏற்றிய வொலி பஸ்தியன் ஒரு பொலிஸ்காரர். அவர் வளர்த்த பைலாவைப் படித்தவர்கள் வீட்டு வாசலோடு நிறுத்தினார்கள்.

1966இல் கிளாரன்ஸும் அன்னெஸ்லி மாலேவனவும் ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவாக வெளிப்பட்டனர். வானொலியில் அவர்களை ஏற்றிவிட்டவர் ஒலிபரப்பாளர் விஜய கொரயா. பின்னர் ஜெரல்ட் விக்ரமசூரியவின் ‘சூரியா’ இசைத்தட்டுகள் அந்த ஓசையை வீடுகளுக்குள் கொண்டுபோயின. கிளாரன்ஸ் விரல்வேகம் காட்டிய வாசிப்பாளர் அல்லர். ஜிமி ஹென்றிக்ஸோடு அவரை ஒப்பிடுவது இருவருக்குமே அநீதி. பாட்டின் தலைவாசலில் நாலைந்து சுரத்தில் ஒரு கிற்றார் வரியை நிறுத்துவார். பாடகர் வாய் திறக்குமுன்பே கேட்பவருக்குப் பாட்டு இன்னதென்று தெரிந்துவிடும். குரலுக்குத் துணைபோன கருவி இங்கே பாட்டின் அடையாளமாயிற்று. ‘கோல்டன் சைம்ஸ்’, ‘சுப்பர் கோல்டன் சைம்ஸ்’ எனக் குழுக்கள் மாறியும் இந்த முறை மாறவில்லை.

தமிழில் நடந்தது வேறு. உரும்பிராய்க்காரரான நித்தி கனகரத்தினமும் ‘சுராங்கனி’ புகழ் ஏ.ஈ. மனோகரனும் கிளாரன்ஸைப் பார்த்து எழுதியவர்கள் அல்லர். அதே பைலா ஊற்றிலிருந்து தனியாக மொண்டவர்கள். நித்தியின் ‘சின்ன மாமியே’ பாட்டில் கிற்றாரின் வேலை தாளம். ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும் ஆறு தட்டு. முதலாவதும் நாலாவதும் அழுந்தும், மற்றவை உரசிப்போகும். கை தட்டத் தெரிந்தவர் எவரும் கூடச் சேரலாம். 1970களின் தொடக்கத்தில் தமிழகச் சஞ்சிகைகள், படங்களின் இறக்குமதிக்கு அரசு போட்ட கட்டுப்பாடு உள்ளூர்க் கலைக்கு இடம் தந்தது. பொப்பிசையும் அதில் பயனடைந்தது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் ‘சுராங்கனி’ கடல் கடந்தது. ஈழத்திலிருந்து தமிழகத்துக்குப் பாட்டு போனது அபூர்வம். அதையும் நாம் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

தாளக் கிற்றார் அடுத்த படியாக மின்கிற்றாராக வளர்ந்திருக்கலாம். போர்க்கால வன்னியில் அதற்கு வழி இருக்கவில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டதோடு மின்சாரம் நின்றது. 1996இல் கிளிநொச்சி நகர் இராணுவத்தின் வசமானபோது ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவிப் பக்கங்களில் இடம்பெயர்ந்தோர் நிறைந்தனர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட காலம் அது. சுற்றுகிறவர் களைத்தால் கசெற்றில் பாடகரின் குரலும் இழுபடும். பாட்டுக் கேட்பதற்கே இந்தப் பாடு என்றால் அம்பிளிஃபயர் எங்கே, கம்பி விற்கும் கடை எங்கே? திறமை இல்லாததால் றொக் வரவில்லை என்பார் இதைக் கணக்கில் எடுக்கவேண்டும். அதே 1996 டிசம்பர் 13இல் கிளாரன்ஸ் காலமானார்.

சிங்கள இசை வரலாறுகளில் நித்திக்கும் மனோகரனுக்கும் ஒரு வரி கிடைத்தால் அதிகம். தமிழ் நூல்களில் கிளாரன்ஸுக்கு அதுவும் இல்லை. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ், சிங்களப் பொப் ஒலிப்பதிவுகளை ஒரே அட்டவணையில் சேர்க்கும் வேலையைப் பல்கலைக்கழக இசைத்துறைகள் இனியாவது கையில் எடுக்கவேண்டும்.