ஊசியை நிறுத்தினா எடை திரும்ப ஏறுமா? 1981-லயே பதில் கிடைச்ச கேள்வி

எடை குறைக்கிற ஊசி பத்தி எப்ப எழுதினாலும் கீழே வர்ற முதல் கேள்வி இதுதான்: "டாக்டர், ஊசியை நிறுத்தினா பழையபடி வெயிட் போட்ருமா?"

ஆமா, பெரும்பாலானவங்களுக்குப் போடும். ஆனா ஏன் போடுதுன்னு தெரியாததால, எடை ஏறினவங்க தங்களையே திட்டிக்கிறாங்க. வீட்ல இருக்கறவங்களும் சேர்ந்து "வாயைக் கட்டத் தெரியல"ன்னு திட்டுறாங்க. அந்தத் திட்டு நியாயமான்னு பார்க்க, பழைய கதை ஒண்ணு சொல்றேன். கொஞ்சம் நீளமான திரெட், பொறுமையா படிங்க.

பசியைக் குறைக்கும் மருந்து இன்னிக்கு நேத்து வந்தது இல்லை. 1930-களில் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் மருந்தாக விற்ற ஆம்ஃபெட்டமின், பசியையும் அடக்குதுன்னு கவனிச்சு எடைக்குக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. 1960-களில் அமெரிக்காவில் அதோட தைராய்டு ஹார்மோன், சிறுநீர் பிரிய வைக்கும் மருந்து, இதய மருந்தான டிஜிட்டாலிஸ் எல்லாம் சேர்த்து, கலர் கலரா "வானவில் மாத்திரை"ன்னு வித்தாங்க. உயிர்கள் போச்சு. 1968-ல் அமெரிக்க செனட் வரைக்கும் விசாரணை போச்சு. அதைத் தனியா ஒரு நாள் எழுதறேன்.

நமக்கு இப்ப முக்கியம், அந்தக் காலத்து டாக்டர்கள் மனசுல இருந்த கணக்கு. சைக்கிள் பழகும்போது அப்பா பின்னாடி சீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வருவார் இல்லையா, மருந்தும் அப்படித்தான்னு நினைச்சாங்க. சில வாரம் மாத்திரை பிடிச்சுக்கும், அதுக்குள்ள நல்ல சாப்பாட்டுப் பழக்கம் வந்துடும், அப்புறம் கையை எடுத்துடலாம். 1959-ல் அனுமதி பெற்ற ஃபென்டர்மின் மாத்திரையின் லேபிளில் இன்னிக்கும் "குறுகிய காலத்துக்கு மட்டும்"னுதான் இருக்கு.

இந்தக் கணக்கு சரியான்னு ஒழுங்கா சோதிச்சவங்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர். 1981-ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் முக்கியமா மூணு குழு. ஒண்ணுக்கு சாப்பாட்டுப் பழக்கத்தை மாத்தும் பயிற்சி மட்டும். இன்னொண்ணுக்கு ஃபென்ஃப்ளூரமின் என்ற பசியடக்கும் மருந்து. மூணாவதுக்கு ரெண்டும் சேர்த்து. ஆறு மாசம் நடந்தது.

ஆறு மாச முடிவில் பயிற்சிக் குழு சராசரியா 10.9 கிலோ குறைஞ்சது. மருந்துக் குழு 14.5. ரெண்டும் சேர்ந்த குழு 15.3. இதோட நிறுத்தியிருந்தா நாமளும் "ரெண்டும் சேர்த்துக் கொடுங்கப்பா"ன்னு எழுதியிருப்போம்.

அவங்க எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒரு வருஷம் கழிச்சு மறுபடி எடை பார்த்தாங்க. பயிற்சிக் குழுவுக்கு 1.9 கிலோதான் திரும்பியிருந்தது. மருந்துக் குழுவுக்கு 8.2. ரெண்டும் சேர்ந்த குழுவுக்கு 10.7.

அந்தக் கடைசி எண்ணைத் திரும்பப் படிங்க. அதிகமா குறைச்ச குழுதான் அதிகமா ஏறியிருக்கு. பயிற்சி எடுத்தும், மருந்து போனதும் அந்தப் பயிற்சி அவங்களைக் காப்பாத்தல.

இதுக்கு ஒரு விளக்கம், "எடை குறைஞ்சது மருந்தால்தான், என்னால் இல்லை"ன்னு அவங்க மனசு நம்பிடுச்சு என்பது. அதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனா ஸ்டங்கார்ட் 1982-ல் வேற மாதிரி யோசிச்சார். இந்த மருந்துகள், உடம்பு எந்த எடையில் நிக்கணும்னு மூளை வெச்சிருக்கிற அளவையே தற்காலிகமா இறக்குதுன்னு எழுதினார்.

வீட்டு மேல்தொட்டியில் மிதவை வால்வு இருக்கும் பாருங்க, அது மாதிரி. மிதவையை மேலே தூக்கிப் பிடிச்சா வால்வு மூடி, தண்ணி குறைஞ்ச மட்டத்திலேயே நிக்கும். கையை எடுத்தா பழைய மட்டம் வரைக்கும் நிரம்பும். அது தொட்டியோட ஒழுக்கக் கேடு இல்லையே!

அப்படின்னா பி.பி. மாத்திரை மாதிரி நீண்ட காலம் கொடுக்கணும், இல்லன்னா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே யோசிக்கணும். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் வைன்ட்ராப் இதைச் செஞ்சு பார்த்தார். 121 பேர். ஃபென்ஃப்ளூரமினும் ஃபென்டர்மினும் சேர்த்து, உணவு, உடற்பயிற்சி ஆலோசனையோட. 34 வாரத்தில் மருந்துக் குழு 14.2 கிலோ குறைஞ்சது, டம்மி மாத்திரைக் குழு 4.6 கிலோ. ஆய்வு 210 வாரம், அதாவது நாலு வருஷம் ஓடுச்சு. கடைசிக் கட்டத்தில் மருந்தை நிறுத்தினாங்க. எடை திரும்ப ஏறுச்சு.

1992-ல் முடிவு வெளியானது. ஊர் உலகம் முதல் பாதியை மட்டும் படிச்சுது. "ஃபென்-ஃபென்" மோகம் கிளம்பி, 1996-ல் மட்டும் அமெரிக்காவில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல மருந்துச் சீட்டு எழுதினாங்க. 1997-ல் இந்த மருந்து எடுத்த 24 பெண்களுக்கு இதய வால்வு பாதிப்பு இருந்ததா மேயோ கிளினிக் குழு அறிக்கை கொடுத்தது. அதே செப்டம்பரில் ஃபென்ஃப்ளூரமின் சந்தையை விட்டே போச்சு. நீண்ட காலம் கொடுக்கணும்னா, நீண்ட காலத்துக்குப் பாதுகாப்பானதா இருக்கணும். இந்தப் பாடத்துக்கு ரொம்பப் பெரிய ஃபீஸ்.

இதுக்கு நடுவில் 1994-ல் லெப்டின் கண்டுபிடிச்சாங்க. கொழுப்புச் செல்கள் மூளைக்கு "கையிருப்பு இவ்வளவு இருக்கு"ன்னு அனுப்புற தகவல் அது. 2011-ல் மெல்போர்ன் ஆய்வு ஒண்ணு, மருந்தே இல்லாம கடும் டயட்டில் எடை குறைச்ச 50 பேரைப் பார்த்தது. ஒரு வருஷம் கழிச்சும் லெப்டின் குறைவா, பசி ஹார்மோன் கிரெலின் கூடுதலா இருந்தது. பசியும் கூடவே. ஸ்டங்கார்ட் ஊகிச்ச மிதவைக்கு ரத்தத்தில் ஆதாரம் கிடைச்ச மாதிரி.

இப்ப நம்ம காலம். செமாக்ளூடைட் ஊசியும் வாழ்க்கைமுறை ஆலோசனையும் 68 வாரம் எடுத்தவங்க சராசரியா 17.3% எடை குறைஞ்சாங்க. ரெண்டையும் நிறுத்தி ஒரு வருஷத்தில், குறைஞ்சதில் மூணில் ரெண்டு பங்கு திரும்பிடுச்சு. டிர்ஸெபடைட் ஆய்விலும் இதே கதை: 36 வாரத்தில் 20.9% குறைஞ்சவங்களில் பாதிப்பேருக்கு டம்மி ஊசி மாத்திக் கொடுத்தாங்க. ஒரு வருஷம் கழிச்சு, குறைஞ்சதில் 80 சதவீதத்தையாவது தக்க வெச்சவங்க அந்தப் பாதியில் ஆறில் ஒருத்தர். ஊசியைத் தொடர்ந்தவங்களில் பத்தில் ஒன்பது பேர்.

நம்பிக்கை தர்ற ஒரு ஆய்வு டென்மார்க்கில் இருந்து. 195 பேர், முதலில் டயட்டில் சராசரி 13 கிலோ குறைச்சாங்க. அப்புறம் ஒரு வருஷம் சிலருக்கு லிராக்ளூடைட் ஊசி, சிலருக்குப் பயிற்சியாளர் மேற்பார்வையில் உடற்பயிற்சி, சிலருக்கு ரெண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. எல்லாம் நிறுத்தி இன்னொரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, ஊசி மட்டும் போட்டவங்க உடற்பயிற்சி மட்டும் செஞ்சவங்களைவிட சுமார் 6 கிலோ கூடுதலா ஏறியிருந்தாங்க. ரெண்டும் செஞ்சவங்க, ஊசி மட்டும் போட்டவங்களைவிட நல்லாவே இருந்தாங்க. 1981-ல் தோத்த கூட்டணி இங்க ஜெயிச்சிருக்கு. மருந்து வேற, பயிற்சி வேற, அதனால நேரா ஒப்பிட முடியாது. ஆனா வாரத்துக்கு நாலு நாள் வியர்த்த உடம்பு, வகுப்பில் உட்கார்ந்து கேட்ட உடம்பைவிட நல்லா தாங்குதுன்னுதான் எனக்குத் தோணுது.

2025-ல் டிர்ஸெபடைட் மார்ச்சிலும், எடைக்கான செமாக்ளூடைட் ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தது. செலவு கட்டுப்படியாகாம நிறுத்துறவங்க இருக்காங்க. குமட்டல் தாங்காம நிறுத்துறவங்க இருக்காங்க. குழந்தைக்குத் திட்டமிடுறவங்க செமாக்ளூடைட்டைக் குறைஞ்சது 2 மாசம் முன்னாடி நிறுத்தியே ஆகணும். காரணம் எதுவா இருந்தாலும் சில விஷயம் தெரிஞ்சுக்கோங்க.

செமாக்ளூடைட் உடம்பை விட்டு முழுசாப் போக சுமார் 5 வாரம் ஆகும். அதனால முதல் மாசம் "எனக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு தோணும். பசி அதுக்கப்புறம்தான் கதவைத் தட்டும். தசைப் பயிற்சியை ஊசி போடும்போதே ஆரம்பிங்க, நிறுத்தின பிறகு இல்லை. முட்டை, மீன், பயறு, சுண்டல்னு புரதம் மூணு வேளையும் தட்டில் இருக்கட்டும். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் எடை பாருங்க. சர்க்கரை நோய்க்காக எடுக்கறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம நிறுத்தாதீங்க, எடைக்கு முன்னாடி சர்க்கரை ஏறிடும்.

3 கிலோ ஏறினதும் வந்து காட்டுங்க. பழைய எடை முழுசா வந்த பிறகு, டாக்டர் திட்டுவாரோன்னு பயந்து ஆறு மாசம் ஒளிஞ்சிருந்துட்டு வராதீங்க.