சாவி தொலைந்த காசு

2009-இல் பிட்காயின் வந்தபோது அதன் பணப்பை என்பது கணினியில் கிடந்த ஒரு சிறு கோப்புதான். அதற்குள் காசு கிடையாது. காசைச் செலவழிக்கும் உரிமை தரும் ரகசியச் சாவிகள் மட்டுமே. கடவுச்சொல் போட்டுப் பூட்டும் வசதியே 2011-இல்தான் வந்தது. நகல் எடுத்து வைத்தவர்களுக்கும் முழு நிம்மதி இல்லை. அன்றைய மென்பொருள் நூறு சாவிகளை முன்கூட்டியே உருவாக்கி வைக்கும். அவை தீர்ந்தபின் பிறந்த சாவிகள் பழைய நகலில் இருக்காது.

வேல்ஸின் நியூபோர்ட் நகரில் 2013-இல் ஒருவரது ஹார்டு டிஸ்க் குப்பையோடு போனது. சுமார் 8,000 பிட்காயின்களின் சாவி அதில்! குப்பைமேட்டைத் தோண்ட நகராட்சி விடவில்லை. 2025 ஜனவரியில் நீதிமன்றமும் அவர் தொடுத்த வழக்கைத் தள்ளிவிட்டது.

இந்தத் தலைவலியே வேண்டாமென்று பலர் சாவியைப் பரிமாற்றச் சந்தைகளிடமே விட்டுவைத்தார்கள். அது இன்னும் மோசம். டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் சந்தை 2014 பிப்ரவரியில் திவாலானபோது சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணோம். பழைய பணப்பை ஒன்றிலிருந்து 2,00,000 மட்டும் பிறகு அகப்பட்டன.

சாவியைத் தொலைக்காமல் காக்க 2013-இல் முன்மொழியப்பட்ட ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. 2,048 எளிய சொற்களின் பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்கள். அவற்றை வரிசை மாறாமல் எழுதி வைத்தால் பணப்பை முழுவதையும் மீட்டுவிடலாம். முதல் நான்கு எழுத்துகளிலேயே ஒவ்வொரு சொல்லும் வேறுபடும். மறு ஆண்டே பிராகிலிருந்து டிரெசர் என்ற கையடக்கக் கருவி வந்தது. சாவி அதைவிட்டு வெளியே வராது. திரையில் முகவரியையும் தொகையையும் சரிபார்த்து, பொத்தானை அழுத்தினால்தான் பணம் நகரும்.

திருடர்களும் வழியை மாற்றிக்கொண்டார்கள். கருவியை உடைப்பானேன்? ‘வாடிக்கையாளர் சேவை’ என்று பேசி அந்தப் பன்னிரண்டு சொற்களையே கேட்கிறார்கள். போனில் படமெடுத்து வைத்தவர்களிடம் கேட்கவும் வேண்டியதில்லை. விவரமறிந்தவர்கள் தாளில் எழுதிப் பூட்டி வைக்கிறார்கள். தீக்குப் பயந்து எஃகுத் தகட்டில் பொறிப்பவர்களும் உண்டு.