வயிறு நிறைஞ்ச பிறகும் இனிப்புக்கு இடம் எப்படி வருது?

சாப்பாடு முடிந்து ஏப்பமும் விட்டாச்சு. அப்போ ஒரு தட்டு இனிப்பு வந்தால், இன்னும் ஒரு துண்டுக்கு இடம் கிடைச்சிடும். இதைப் பார்த்து "வாயைக் கட்டத் தெரியல"ன்னு சொல்றது சுலபம். ஆனால் விஷயம் வாயில் இல்லை, மூளையில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த கதை அபினில் இருந்து தொடங்குகிறது.

1973-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், அபின் வகை மருந்துகள் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் இருப்பதைக் காட்டினார்கள். ஒரு செடியின் பாலுக்கு நம் மூளைக்குள் எதற்குப் பூட்டு? அப்படியென்றால் சாவியும் உள்ளேயே இருக்கணும், இல்லையா?

அந்தச் சாவி 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் கிடைத்தது. ஜான் ஹியூஸ் விடியற்காலையில் சைக்கிளில் இறைச்சிக்கூடம் போய்ப் பன்றி மூளைகளை வாங்கி வருவார். அவரும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் அவற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு என்கெஃபலின் என்று பெயர். மூளை தானே சுரக்கும் அபின்னு வெச்சுக்கோங்க.

இதற்கு ஒரு வருஷம் முன்பே, 1974-ல், ஸ்டீபன் ஹோல்ட்ஸ்மேன் பட்டினி போட்ட எலிகளுக்கு நலாக்சோன் கொடுத்துப் பார்த்திருந்தார். அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. பசியோடு இருந்த எலிகள் வழக்கத்தைவிடக் குறைவாகத் தின்றன. என்கெஃபலின் வந்த பிறகுதான் இதன் அர்த்தம் தெளிவாச்சு: சாப்பிடுவதில் மூளையின் சொந்த அபினுக்கும் பங்கு உண்டு.

சரி, அப்போ பசி? அது வேறு வழி. 1994-ல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு லெப்டின் ஹார்மோனுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்பு செல்கள் லெப்டினைச் சுரந்து "இருப்பு போதும்"னு மூளையின் ஹைபோதலாமஸுக்குச் சொல்கின்றன. லெப்டின் கணக்குப் பார்க்கிறது. மூளையின் அபின் ருசிக்கு மகிழ்ச்சி சேர்க்கிறது. அதனால்தான் கணக்கு முடிந்த பிறகும் ருசி கூப்பிடுது.

1995-ல் ஆடம் ட்ரெவ்னோவ்ஸ்கி குழு வெளியிட்ட ஆய்வு இதை மனிதர்களிடமே காட்டியது. கட்டுக்கடங்காமல் ஒரே மூச்சில் நிறையச் சாப்பிடும் பழக்கமுள்ள பெண்களுக்கு நலாக்சோன் செலுத்தியபோது அவர்கள் சாப்பிட்ட அளவு குறைந்தது. அதிகம் குறைந்தது எது தெரியுமா? சாக்லேட், பிஸ்கட் மாதிரி இனிப்பும் கொழுப்பும் சேர்ந்தவை. அந்தப் பழக்கம் இல்லாத பெண்களிடம் இந்தக் குறைவு இல்லை.

அப்போ இந்த ஏற்பியை அடைத்துவிட்டால் உடம்பு இளைச்சிடுமா? அவ்வளவு சுலபமில்லை. நலாக்சோனின் உறவுக்கார மருந்தான நால்ட்ரெக்சோனைத் தனியாகக் கொடுத்தபோது எடை பெரிதாகக் குறையவில்லை. பூப்ரோபியான் என்ற மருந்தோடு சேர்த்த கலவைக்குத்தான் 2014-ல் அமெரிக்காவில் எடை குறைப்புக்கு அனுமதி கிடைத்தது. ஒரு கதவை மூடினால் பசி இன்னொரு கதவு வழியாக வந்துவிடுகிறது.

குண்டாக இருப்பவரைப் பார்த்து "கொஞ்சம் மனசை அடக்கக் கூடாதா?"ன்னு கேட்கும் முன் இதை நினைச்சுப் பாருங்க. இனிப்பு எல்லார் மூளையையும் ஒரே சத்தத்தில் கூப்பிடுவதில்லை. சிலருக்கு அது கிசுகிசுப்பு, சிலருக்கு ஒலிபெருக்கி.