பாய்லரைக் கழுவியவர்கள்: ராமநாதபுரம் கரையிலிருந்து சில குறிப்புகள்

ராமநாதபுரம் சீமையில் வெந்நீருக்கு என்ன தேவை என்று கேட்கலாம். வருஷத்தில் பத்து மாசம் குழாயைத் திறந்தாலே சுடுதண்ணிதான் வருது. ஆனாலும் இங்கே வெந்நீர் போடாத வீடு கிடையாது. பிள்ளை பெற்ற உடம்புக்கு வெந்நீர், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தால் வெந்நீர், காய்ச்சல் விட்ட மறுநாள் வெந்நீர், வயசானவர்களுக்கு மார்கழி முழுக்க வெந்நீர். ராமேஸ்வரத்தில் இன்னொரு கூட்டமும் உண்டு. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு விடுதிக்குத் திரும்பும் வடநாட்டு யாத்திரிகர்கள் அறைக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது வெந்நீரைத்தான்.

அந்த வெந்நீர் இப்போது பல குளியலறைகளில் சுவரில் மாட்டிய ஒரு சின்ன கேஸ் பெட்டியிலிருந்து வருகிறது. கேஸ் கீசர். அதை யார் சுத்தம் செய்கிறார்கள் என்ற கேள்வியைப் பின்தொடர்ந்து போனதில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள். கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஆனால் தண்ணீரைச் சூடாக்கும் பாத்திரத்தைக் கழுவுவது இந்தக் கரையில் ஒரு காலத்தில் ஒரு உத்தியோகமாகவே இருந்தது.

ரயிலிலிருந்து ஆரம்பிப்போம். மதுரையிலிருந்து மண்டபம் வரை தண்டவாளம் வந்தது 1902-ல். பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. அதே வருஷம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓட ஆரம்பித்தன. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய மூன்று கப்பல்கள். போட் மெயில் என்று நம் தாத்தாக்கள் சொன்ன அந்தப் பயணம் முழுக்க, கரையிலும் சரி கடலிலும் சரி, பாய்லரை நம்பித்தான் நடந்தது.

பாய்லருக்குப் பிடிக்காத தண்ணீர் இந்தக் கரையின் தண்ணீர். தீவின் மணலில் கையால் தோண்டினாலே சில அடியில் நல்ல ஊற்று கிடைக்கும். தனுஷ்கோடி மீனவப் பெண்கள் இன்றைக்கும் அப்படித்தான் எடுக்கிறார்கள். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. ஆசைப்பட்டு ஆழமாகப் போனால் உப்பு. உள்நாட்டுக் கிணறுகளிலும் பாதி சப்புத் தண்ணி. இப்படிப்பட்ட தண்ணீரைக் காய்ச்சக் காய்ச்ச, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து இரும்பின் உட்புறத்தில் ஓடாகப் படியும். அந்த ஓடு வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தாது. விறகோ நிலக்கரியோ கூடுதலாகச் செலவாகும் என்பது சின்ன நஷ்டம். தண்ணீர் தொடாத உலோகம் தானே சூடேறி, இளகி, ஒருநாள் பிதுங்கிக்கொள்ளும் என்பதுதான் பெரிய நஷ்டம்.

அதனால் எஞ்சின் ஷெட்டுகளில் 'வாஷ் அவுட்' என்று ஒரு முறை இருந்தது. இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்து எஞ்சினை நிறுத்துவார்கள். உடனே கழுவ முடியாது, மெதுவாக ஆற வேண்டும். அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரை அடித்தால் சூடான தகடு விரிசல் விடும். ஆறிய பிறகு தண்ணீரை வடித்து, மூலைகளில் இருக்கும் திருகு மூடிகளைக் கழற்றி, குழாய் வைத்து வேகமாக நீரைப் பாய்ச்சி, கம்பியால் சுரண்டி, விளக்கைப் பிடித்து ஓட்டை வழியாக உள்ளே பார்ப்பார்கள். சேறு மாதிரி வெள்ளையாக வந்துகொண்டே இருக்கும். இது தண்ணீர்ப் பக்கம். நெருப்புப் பக்கம் வேறு வேலை: புகைக்குழாய்களில் பிரஷ் விட்டுக் கரி தள்ளுவது, முன்பக்கப் புகைப்பெட்டியில் சேர்ந்த சாம்பலை அள்ளுவது. முடிந்ததும் பதிவேட்டில் தேதி, கையெழுத்து.

இந்த இரண்டு பக்கக் கணக்கை மறந்துவிடாதீர்கள். தண்ணீர்ப் பக்கம் சுண்ணாம்பு, நெருப்புப் பக்கம் கரி. எந்த பாய்லருக்கும், எவ்வளவு சின்னதானாலும், சுத்தம் என்றால் இந்த இரண்டும்தான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. நெருப்புப் பெட்டியின் மேல்தகட்டில் ஈயம் நிரப்பிய ஒரு சின்ன திருகாணி இருக்கும். தண்ணீர் மட்டம் ஆபத்தான அளவுக்குக் கீழே போனால் அந்த ஈயம் உருகி, மேலிருந்து நீராவி சீறி நெருப்பின் மேல் இறங்கும். ஓட்டுநர் கவனிக்காவிட்டாலும் பாய்லர் தானே எச்சரிக்கும்.

சட்டமும் விபத்தைப் பார்த்துத்தான் பிறந்தது. 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். மறுவருஷமே வங்காளத்தில் பாய்லர்களைச் சோதிக்கச் சட்டம். பிற மாகாணங்கள் ஆளுக்கொரு விதி போட, எல்லாவற்றையும் ஒன்றாக்கி வந்தது 1923-ன் இந்திய பாய்லர் சட்டம். தொழிற்சாலை பாய்லருக்குப் பதிவு எண், ஆய்வாளர், காலக்கெடு வைத்த சான்றிதழ் எல்லாம் இந்தச் சட்டத்தின் வழியாக வந்தவை. ஆனால் இது அழுத்தத்தில் நீராவி உண்டாக்கும் கலன்களுக்கான சட்டமாக இருந்தது. அதிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கொள்ளளவு இருந்தால்தான். குளிக்கிற தண்ணீரைச் சூடாக்கும் பாத்திரம் இதற்குள் வரவில்லை.

வர வேண்டிய அவசியமும் அன்றைக்கு இல்லை. ஏனென்றால் வீட்டு பாய்லர் கொல்லைப்புறத்தில் இருந்தது.

செம்பு பாய்லரைப் பார்த்திருப்பீர்கள், இல்லாவிட்டால் பாத்திரக்கடை வாசலிலாவது கண்ணில் பட்டிருக்கும். உருளை வடிவம், நடுவில் மேலிருந்து கீழ்வரை போகும் புகைக்குழல், அடியில் கம்பிச் சல்லடை, அதற்கும் கீழே சாம்பல் விழும் இடம், பக்கத்தில் பித்தளைக் குழாய். நெருப்பு உள்ளே, தண்ணீர் சுற்றிலும். ரயில் எஞ்சினின் தத்துவமேதான். பிரிட்டனில் செய்த பழைய எஞ்சின்கள் பலவற்றில் நெருப்புப் பெட்டியின் உட்சுவர்கூடச் செம்பு! நம் பக்கத்தில் எரிபொருள் பனைமட்டை, பன்னாடை, தேங்காய்ச் சிரட்டை. பிறகு சீமைக்கருவேலம் சீமை முழுக்கப் பரவியதும் அதன் விறகும் கரியும். (சீமைக்கருவேலத்தைத் திட்டாத ஆள் இங்கே கிடையாது, அதன் கரியில் காய்ந்த வெந்நீரில் குளிக்காத ஆளும் கிடையாது. அது தனிக்கதை.)

சில வகை பாய்லர்களில் இன்னொரு சூட்சுமம். மேலே புனல் வழியாக ஒரு செம்பு பச்சைத் தண்ணி ஊற்றினால்தான் மூக்கு வழியாக ஒரு செம்பு வெந்நீர் வெளியே வரும். ஊற்றாமல் எடுக்கவே முடியாது. அதனால் பாத்திரம் ஒருபோதும் வறண்டு தீயாது. எஞ்சினில் ஈயத் திருகாணி செய்த வேலையை இங்கே வடிவமைப்பே செய்துவிடுகிறது.

சுத்தம்? வெளிப்புறம் புளியும் சாம்பலும். சல்லடையைத் தட்டிச் சாம்பல் அள்ளுவது தினசரி வேலை, அநேகமாக வீட்டுப் பெண்கள் தலையில். புகைக்குழலில் கரி அடைத்தால் யாரும் சொல்ல வேண்டியதில்லை, புகை திரும்பி வந்து கண்ணைக் கரிக்கும். தென்னை விளக்குமாற்றுக் கட்டையை விட்டுக் குடைவார்கள். அதாவது பாய்லர் அழுக்கானால் அதுவே கத்திக் கூப்பிடும். கார்பன் மோனாக்சைடு அதிலிருந்தும் வந்தது, கரி நெருப்பில் நிறையவே வரும். ஆனால் அது வெட்டவெளியில் கலந்தது. உள்ளே வைத்த வீடுகளிலும் ஓட்டுக்கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருந்தது.

இப்போது லண்டனுக்கு ஒரு நடை போய் வரலாம். 1868-ல் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர், கேஸை எரித்துக் குளியல் தண்ணீரை உடனுக்குடன் சூடாக்கும் கருவி ஒன்றைச் செய்தார். ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றான கெய்சிரின் பெயரை அதற்கு வைத்தார். நம் 'கீசர்' அங்கிருந்து வந்த சொல்தான். அந்தக் கருவிக்குப் புகைபோக்கி கிடையாது. எரிந்த வாயு குளிப்பவர் இருக்கும் அறைக்குள்ளேயே. கருவி புதுசு, ஆபத்தும் கூடவே பிறந்தது.

சமையல் கேஸ் இந்தியாவில் 1955-ல் பம்பாயில் பர்ஷேன் என்ற பெயரில் அறிமுகமானது. இண்டேன் 1965-ல். தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது 2007-ல். சிலிண்டர் வீட்டுக்கு வந்தபின் அதிலிருந்து ஒரு ட்யூப் குளியலறைக்குப் போவது பெரிய தூரமில்லை. அதே காலத்தில் ஓட்டு வீடுகள் தளம் போட்ட வீடுகளாயின. கொல்லைப்புறம் போய், ஆறடிக்கு நாலடி குளியலறை வந்தது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலுக்குக் கண்ணாடி. கருவி மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை, கருவியைச் சுற்றியிருந்த அறையும் மாறிவிட்டது.

கேஸ் நன்றாக எரிந்தால் நீலச் சுடர், கரியமில வாயு, நீராவி. காற்று போதாமல் எரிந்தால் மஞ்சள் சுடர், கரி, கார்பன் மோனாக்சைடு. இந்த வாயு ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நிறமில்லை, மணமில்லை. சிலிண்டர் கேஸில் நமக்குத் தெரிவதற்காக மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் எரியும்போது அந்த நாற்றமும் எரிந்துபோகும். 'கேஸ் வாசனை வரலையே' என்று நிம்மதியாக இருப்பது இங்கே எதற்கும் உதவாது. தலைவலி, குமட்டல், கால் தள்ளாட்டம், பிறகு மயக்கம். கதவோ உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும். நம் நாட்டு மருத்துவர்கள் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று ஒரு பெயரே வைக்கிற அளவுக்கு நோயாளிகளைப் பார்த்துவிட்டார்கள்.

பழைய பாய்லர் கண்ணைக் கரித்துச் சொன்னதைப் புதுப் பெட்டி சொல்வதில்லை. ஷெட்டில் இருந்த பதிவேடும் இதற்கு இல்லை.

அந்தப் பெட்டிக்குள்ளும் அதே இரண்டு பக்கம்தான். தண்ணீர்ப் பக்கம், செம்புக் குழாய்ச் சுருளில் சப்புத் தண்ணியின் சுண்ணாம்பு. வெந்நீர் நூலாக வர ஆரம்பித்தால், உள்ளே தடதடவென்று சத்தம் கேட்டால் அதுதான். மெக்கானிக்குகள் சிட்ரிக் அமிலக் கரைசலை உள்ளே நிறுத்திக் கரைப்பார்கள். நெருப்புப் பக்கம், செம்புத் தகடுகளின் இடுக்கில் கரி, பர்னர் துளைகளில் தூசியும் சிலந்தி வலையும், போதாததற்குக் கடற்காற்றின் உப்பு கொண்டுவரும் துருவும். தகடுகளின் இடுக்கு அடைத்தால் எரிந்த வாயு மேலே போக வழியில்லை, கீழே காற்றும் குறையும், சுடர் மஞ்சளாகும். அதாவது அழுக்கு கூடக்கூட விஷமும் கூடும். கரையோர வீட்டில் வருஷம் ஒருமுறை தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பிரித்துச் சுத்தம் செய்வது அதிகமில்லை.

வீட்டுக்காரர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கேஸ் வால்வை மூடி, பெட்டி ஆறிய பிறகு வெளியே துடைப்பது. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது (தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் சாமி!). ஆரஞ்சு ட்யூபில் அச்சிட்ட தேதியைப் பார்த்து ஐந்து வருஷத்துக்குள் மாற்றுவது. ஜன்னல் வழியாகச் சுடரின் நிறத்தைக் கவனிப்பது, மஞ்சள் என்றால் அன்றைக்கே நிறுத்துவது. பர்னரையும் ஜெட்டையும் ஊசியால் குத்துவது மட்டும் வேண்டாம், துளை பெரிதானால் கேஸ் கூடும், காற்று அதே அளவுதான். இவ்வளவு செய்தாலும், பெட்டியைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவதற்கு ஈடாகாது. நம் பாட்டிகள் பாய்லரை வைத்த இடம் அது.

இந்த மாவட்டத்தின் மண்ணுக்கடியிலேயே எரிவாயு இருக்கிறது. ஓ.என்.ஜி.சி. எடுக்கிறது, வழுதூரில் அதை எரித்து மின்சாரம் செய்கிறார்கள். அங்கே டர்பைனின் கழிவுச் சூட்டில் நீராவி உண்டாக்கும் பெரிய பாய்லருக்குச் சட்டம் உண்டு, சோதனை உண்டு. அடுத்தது, குழாய் வழியாக வீடுகளுக்கு வரும் வாயு. 2018-ல் நடந்த ஒன்பதாவது ஏலச் சுற்றில் ராமநாதபுரம் மாவட்ட உரிமம் ஏஜி அண்டு பி நிறுவனத்துக்குப் போனது. குழாயில் வருவது மீத்தேன், காற்றைவிட லேசு, கசிந்தால் கூரைக்குப் போகும். சிலிண்டரில் இருப்பது காற்றைவிடக் கனம், தரையில் தங்கும். அழுத்தமும் வேறு, ஜெட் துளையின் அளவும் வேறு. அடுப்பை மாற்றித்தர ஆள் வருவார். குளியலறைச் சுவரில் ஒரு பெட்டி இருப்பதை அவரிடம் சொல்ல வேண்டியது வீட்டுக்காரர்தான். சிலிண்டருக்குச் செய்த கீசரை அப்படியே குழாயில் மாட்டக்கூடாது. ஜெட் மாற்ற முடிகிற மாடலா, முடியாவிட்டால் கழற்றி வைப்பதா என்று அந்த ஆள் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.