அளவு மீறிய கொண்டாட்டம்: ஒரு விதியின் வரலாறு

2014 செப்டம்பர் 29 இரவு. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் நடந்த ஆட்டத்தில், எதிரணியின் டாம் பிரேடி எறிந்த பந்தை ஹுசைன் அப்துல்லா இடைமறித்துப் பிடித்தார். 39 கெஜம் ஓடி எல்லைக்கட்டத்தை அடைந்தவர், முழங்காலில் சறுக்கி நின்று, நெற்றியைத் தரையில் பதித்து இறைவனை வணங்கினார். நடுவரின் மஞ்சள் கொடி விழுந்தது. விளையாட்டுப் பண்புக்கு ஒவ்வாத நடத்தை என்று அவருடைய அணிக்கு 15 கெஜத் தண்டனை விதிக்கப்பட்டது. இதே அப்துல்லாதான் ஹஜ் பயணத்திற்காக 2012ஆம் ஆண்டின் ஆட்டப் பருவம் முழுவதையும் துறந்தவர்.

நான் பேசுவது நாமறிந்த கால்பந்தைப் பற்றியன்று. நீள்உருண்டைப் பந்தைக் கையால் எறிந்தும் சுமந்தோடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி. அதன் தொழில்முறைக் கூட்டமைப்பான என்.எஃப்.எல்.லின் விதிநூலை ஒரு மொழியியல் மாணவனாக வாசித்தபோது, என்னைத் தடுத்து நிறுத்தியது ஓர் அடைமொழி: 'அளவு மீறிய'. 'உயரமான' என்பதைப் போலவே இதுவும் தனக்கென அளவுகோல் இல்லாத சொல். எதனோடு ஒப்பிட்டு மீறல் என்பதைச் சொல்பவரே தீர்மானிக்கிறார். விடுதி அறிவிப்புப் பலகையில் 'தேவையற்ற சத்தம்' என்ற தொடரைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொண்டாட்டத்தின் வரலாறே ஒரு தடையிலிருந்துதான் கிளைக்கிறது. பந்தைப் பார்வையாளர் பக்கம் எறிந்தால் அபராதம் என்ற நிலையில், 1965இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் ஹோமர் ஜோன்ஸ் அதனைத் தரையில் ஓங்கி அறைந்தார். அது வழக்கமாயிற்று. 1973இல் எல்மோ ரைட் எல்லைக்கட்டத்தில் கால்களை உயர்த்தி ஆடினார். அடுத்த ஆண்டு பில்லி ஜான்சன் முழங்கால்களை அசைத்து ஆடிய நடனம் நாடெங்கும் பரவியது. எண்பதுகளின் தொடக்கத்தில் வாஷிங்டன் அணியினர் கூட்டமாகக் குதித்துக் கைதட்டிக்கொண்டனர். எதிரணியின் பந்தெறிவோனை வீழ்த்தியதும் மார்க் காஸ்டினோ ஆடிய ஆட்டம் 1983இல் களத்தில் கைகலப்பாகவே முடிந்தது.

1984இல் விதி வந்தது. நீண்ட, அளவு மீறிய, முன்கூட்டித் திட்டமிட்ட கொண்டாட்டங்களுக்குத் தடை. இம்மூன்று அடைமொழிகளும் ஒரே தளத்தில் நிற்பவை அல்ல. முதலாவது காலத்தைப் பற்றியது, கடிகாரம் போதும். இரண்டாவது மதிப்பீடு. மூன்றாவதோ ஆட்டக்காரரின் உள்ளத்தைப் பற்றியது. அதனை நடுவர் எப்படிக் காண்பார்?

காண இயலாது என்பதால், காணக்கூடிய பொருள்களின் பட்டியலாக விதி வளரத் தொடங்கியது. 2002இல் டெரெல் ஓவன்ஸ் காலுறையிலிருந்து பேனாவை எடுத்துப் பந்தில் கையெழுத்திட்டார். 2003இல் ஜோ ஹார்ன் கம்பத்தின் உறைக்குள் ஒளித்து வைத்திருந்த கைப்பேசியை எடுத்துப் பேசி, 30,000 டாலர் அபராதம் செலுத்தினார். 2006இல் பொருள்களைப் பயன்படுத்துவதும் தரையில் இருந்தபடி கொண்டாடுவதும் தடைப்பட்டன. 2013இல் ஜிம்மி கிரகாம் பந்தைக் குறுக்குக்கம்பத்தின் மேலாக அடித்திறக்க, கம்பமே சாய்ந்து ஆட்டம் தடைப்பட்டது. அடுத்த ஆண்டு அதற்கும் தடை. ஒவ்வொரு புது விதிக்குப் பின்னும் ஒரு மனிதரின் ஒரு மாலைப்பொழுது இருக்கிறது.

அந்த மனிதர்களுள் காஸ்டினோ போன்ற சிலர் நீங்கலாகப் பெரும்பாலோர் யார் என்பதையும் கேட்க வேண்டும். ஜோன்ஸ், ரைட், ஜான்சன், ஓவன்ஸ், ஹார்ன் ஆகிய ஐவரும் கறுப்பினத்தவர். அணிகளின் உரிமையாளர்களோ ஏறக்குறைய அனைவரும் வெள்ளையர். இதனை மட்டும் கொண்டு விதியின் நோக்கத்தை நிறுவிவிட முடியாது. ஆனால் 'அளவு' எவருடைய உடல்மொழியை இயல்பெனக் கொண்டு வரையப்பட்டது என்ற கேள்வியை ஒதுக்கிவிடவும் முடியாது.

அப்துல்லாவுக்குத் திரும்புவோம். தமிழில் விழுந்து வணங்கலாம், விழுந்து புரளலாம், விழுந்து விழுந்து சிரிக்கவும் செய்யலாம். வினை ஒன்றே, பொருள் வேறு. 'தரையில்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்ட நடுவருக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. 2011இல் டிம் டீபோ ஒற்றை முழங்காலூன்றிச் செய்த கிறித்தவப் பிரார்த்தனை தண்டனைக்கு உள்ளாகவில்லை. அது கண்ணுக்குப் பழகிய வணக்கம். சமய வெளிப்பாடாகத் தரையில் பணிபவரைத் தண்டிப்பது நடுவர் நடைமுறையன்று, அது தவறான முடிவு என்று மறுநாளே கூட்டமைப்பு ஒப்புக்கொண்டது. உள்ளத்தை அறிய வேண்டாம் என்றுதான் விதி உடலைப் பட்டியலிட்டது. விலக்கு வழங்குவதற்கோ மீண்டும் உள்ளத்தைத்தான் அறிய வேண்டியிருந்தது.

2017 மே மாதம் கூட்டமைப்பின் தலைவர் ரோஜர் குடெல் ரசிகர்களுக்கு எழுதிய கடிதத்தில் தளர்வுகளை அறிவித்தார். பந்தைக் கொண்டு விளையாடலாம், குழுவாக ஆடலாம், தரையிலும் கொண்டாடலாம். அவ்வாண்டு அக்டோபரில் மின்னசோட்டா அணியினர் எல்லைக்கட்டத்தில் வட்டமாக அமர்ந்து, நம் குலை குலையா முந்திரிக்காயை ஒத்த ஒரு சிறுவர் விளையாட்டை ஆடினர். கொடி விழவில்லை.

அதைக் களத்தில் காண அப்துல்லா இல்லை. தலையில் பட்ட அடிகளின் விளைவை அஞ்சி, 2016 மார்ச்சிலேயே அவர் ஓய்வு பெற்றிருந்தார்.